தேரிக்காட்டில் ஒரு நாள் நடை: நண்பர்களோடு கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

விடுமுறை கிடைத்தால் நம் பகுதி இளைஞர்கள் குற்றாலம், பாபநாசம், மணிமுத்தாறு என்று தண்ணீர் இருக்கும் இடங்களுக்குத்தான் போவார்கள். இப்போது சிலர் தண்ணீரே இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் போகிறார்கள். திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி, நாலுமாவடி, குதிரைமொழி, தேரிக்குடியிருப்பு ஆகிய ஊர்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் செம்மணல் வெளிதான் அது. ஊர்மக்கள் அதைத் தேரி என்றும் தேரிக்காடு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க இடம் இதுதான்.

நண்பர்கள் ஐந்தாறு பேராகக் காலையில் போய் மாலையில் திரும்பும் நடைப்பயணத்துக்கு இது நல்ல இடம்தான். ஆனால் அருவிக்குப் போவதைப் போல நினைத்துக் கிளம்பினால் ஆபத்து. தேரியில் வழி தவறினால் ஏதாவது ஒரு பக்கம் நடந்து சாலையைப் பிடித்துவிடலாம். வெயிலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு மணலில் இரண்டு கிலோமீட்டர் நடப்பது அப்படியல்ல. எனவே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும், போகும் பிள்ளைகளுக்கும் தேவையான விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தேரி எப்படி உருவானது?

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்றுப் பாசனம் உள்ள இடமெல்லாம் நெல்லும் வாழையும். அந்தப் பசுமைக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனாலே செம்மணல் தொடங்கிவிடுகிறது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்கள் வழியாக நம் பக்கம் வருவது பெரும்பாலும் வறண்ட, வேகமான காற்று. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதுவே. உள்நாட்டுச் செம்மண்ணை இந்தக் காற்று அள்ளிவந்து கிழக்கே குவித்தது என்பது தேரி பற்றிய ஒரு விளக்கம். கடல் பின்வாங்கிய காலத்தில் வெளிப்பட்ட கரை மணல் காற்றில் குவிந்தது என்பது இன்னொரு விளக்கம். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் சிவப்பு நிறம். திருச்செந்தூர்க் கடற்கரையின் வெளிர் மணலைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்களுக்கு, சில மைல் தூரத்தில் இவ்வளவு மாற்றமா என்று வியப்பாக இருக்கும்.

மனிதர்கள் இங்கே வந்தது இன்று நேற்றல்ல. குவார்ட்சு, செர்ட் கற்களில் செய்த சிறிய கற்கருவிகள் தேரி மணலில் கிடைத்துள்ளன. அவற்றை ஆராய்ந்து சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் வெளியிட்ட கட்டுரை தொல்லியலில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. கூர்மையான சிறு கல் எதுவும் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாறிவிட்டால் அந்தக் கல்லை வைத்து ஆய்வாளர் எதையும் சொல்ல முடியாது.

இங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. மணல் அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அந்த நீர் பள்ளமான இடங்களில் சுனையாக ஊறுகிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் ஆழமில்லாத ஏரிகளைத் தருவை என்கிறார்கள். பனை, முந்திரி, குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரம் ஆகியவை இந்த மணலில் வேர் பிடித்து நிற்பதற்கு அடியில் இருக்கும் ஈரமே காரணம். ஆனால் நடந்து போகும் நமக்கு அந்த நீர் உதவாது. வழியில் தண்ணீர் கிடைக்கும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

மணலில் ஒரு கிலோமீட்டர், தார்ச்சாலையில் இரண்டு

தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், இது என்ன பெரிய தூரம் என்று பலர் நினைக்கலாம். கெட்டியான தரையில் நடக்க ஆகும் சக்தியைப் போல 2.1 முதல் 2.7 மடங்கு வரை இளகிய மணலில் நடக்க ஆகிறது என்று 1998-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கால் புதைகிறது, பின்னால் சறுக்குகிறது. ஒவ்வோர் அடியிலும் நாம் செலுத்தும் சக்தியில் ஒரு பகுதியை மணலே தின்றுவிடுகிறது. தேரியில் 10 கி.மீ. என்றால், உடம்பு 20 கி.மீ.க்கு மேல் நடந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

உடம்பு செலவிடும் சக்தியில் பெரும்பங்கு வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அந்த வெப்பத்தை வியர்வை வெளியேற்ற வேண்டும். வெயிலில் தொடர்ந்து நடப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். கோடையில் இன்னும் கூடும். மேலே சூரியன் சுடுவது போதாதென்று, கீழிருந்து மணலும் சுடுகிறது. காற்றின் வெப்பம் 36 டிகிரி என்று கைபேசி காட்டும் மதிய வேளையில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கலாம்.

ஆகவே மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாதுகாப்பு. மழை ஓய்ந்த ஜனவரி மிகவும் ஏற்றது. மணலில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் கால் அதிகம் புதையாது. பிப்ரவரி நடுப்பகுதி வரை போகலாம். மார்ச் முதல் மே வரை வெயில். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு மணல் வாரி அடிக்கும் காற்றும் சேர்ந்துவிடும். பள்ளி விடுமுறை மே மாதத்தில்தானே வருகிறது என்பார்கள். மே மாதத்துக்கு இது ஏற்ற இடமே இல்லை.

தண்ணீர்க் கணக்கு

ஆறு நண்பர்கள், ஜனவரி மாதம், காலையும் மாலையுமாக மொத்தம் ஐந்து மணி நேர நடை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாலரை லிட்டர் தேவை. ஆறு பேருக்கு 27 லிட்டர், அதாவது 27 கிலோ. இதை ஒருவர் தலையில் கட்டாமல் அவரவர் தண்ணீரை அவரவர் சுமக்க வேண்டும். வண்டியில் தனியாக ஒரு 20 லிட்டர் கேன் இருக்கட்டும்.

குடிப்பதற்கு ஒரு முறை உண்டு. கையிலிருக்கும் தண்ணீரை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, எதிர்பாராத நிலைமைக்கு ஒரு பங்கு. குழுவில் யாராவது ஒருவருக்கு முதல் பங்கு தீர்ந்துவிட்டால் எல்லோரும் அந்த இடத்திலேயே திரும்ப வேண்டும். மற்ற ஐந்து பேரிடம் நிறைய இருக்கிறது என்பதை இதில் கணக்கெடுக்கக் கூடாது. அவருக்குச் சீக்கிரம் தீர்ந்தது என்றால் அவர் உடம்பு மற்றவர்களை விட அதிகமாகச் சிரமப்படுகிறது என்று பொருள்.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்பைத் திருப்பிக் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் நிரப்பினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் தயார். ஒருவருக்கு ஒரு லிட்டர் இது இருக்கட்டும். சாப்பிடப் பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், உப்புக் கடலை போதும். தேரியின் விளிம்பிலேயே இருக்கும் உடன்குடியின் கருப்பட்டி பெயர் பெற்றது. ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் நடைக்குத் தெம்பு கிடைக்கும். பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் இறங்குவதைத் தவிர்த்து, அதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நோன்பு வைத்திருக்கும் நாளில் இந்தப் பயணம் வேண்டாம்.

நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நாள் நடை என்றால் காலை முதல் மாலை வரை நடந்துகொண்டே இருப்பது என்று பொருளில்லை. ஜனவரியில் சூரியன் ஆறரை மணியைத் தாண்டி உதிக்கிறது. ஃபஜ்ரை அருகிலுள்ள ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆறே முக்கால் மணிக்கு நடையைத் தொடங்கினால், பத்து மணிக்குள் காலை நடையை முடித்துவிடலாம். பிறகு பனைமர நிழலோ முந்திரித் தோப்போ உள்ள ஓரத்துக்கோ, வண்டி நிற்கும் இடத்துக்கோ வந்துவிட வேண்டும். லுஹர், சாப்பாடு, ஓய்வு எல்லாம் அங்கே. மூன்றரை மணிக்கு மேல் மாலை நடை. மஃரிப் ஆறேகால் மணி வாக்கில் வருவதால் ஐந்தே முக்கால் மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு எல்லா மேடும் ஒன்று போலத் தெரியும். காற்று அடித்தால் நாம் வந்த காலடித் தடமும் இருக்காது. வண்டியை நிறுத்திய இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அந்தப் பகுதி வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். ஜும்ஆவை விட்டுவிடக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தொழுகை, தயம்மும், கிப்லா

குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை உளூவுக்குச் செலவழித்தால் தாகத்தால் ஆபத்து வரும் என்ற நிலையில் தயம்மும் செய்ய அனுமதி உண்டு. இதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒத்துப்போகின்றன. எதைக்கொண்டு தயம்மும் செய்வது என்பதில் வேறுபாடு இருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் மண், மணல், கல் என நிலத்தின் வகையைச் சேர்ந்த சுத்தமான எதுவும் போதும். தூசி இல்லாத வெறும் பாறையும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் கையில் ஒட்டும் தூசியுள்ள மண் வேண்டும். நம் பகுதியில் இரு மத்ஹபினரும் நண்பர்களாகச் சேர்ந்தே போவதால் இதை முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆனால் வண்டியில் 20 லிட்டர் கேன் இருக்கும்போது, மதிய ஓய்வில் தயம்முமுக்கு அவசியம் வராது.

பயணம் என்பதால் கஸ்ரு செய்யலாமா என்ற கேள்வியும் எழும். மத்ஹபு நூல்களின் கணக்கை இன்றைய அளவில் சொன்னால் ஏறத்தாழ 77 கி.மீ. அல்லது அதற்கு மேல் வருகிறது. மேலப்பாளையத்திலிருந்து திருச்செந்தூர் சுமார் 60 கி.மீ.தான். எனவே அந்தக் கணக்குப்படி முழுமையாகவே தொழ வேண்டும். தூரத்தில் வேறு கருத்துடைய அறிஞர்களும் உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிப்லா விஷயத்தில் பலர் மேற்கு என்று பொதுவாக நின்றுவிடுகிறார்கள். நம் பகுதியிலிருந்து கஅபாவின் திசை, நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை சாய்ந்திருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறையும் இடம் ஏறக்குறைய அதே திசைதான். ஆனால் டிசம்பர், ஜனவரியில் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே தள்ளி மறைகிறது. அதைப் பார்த்து நின்றால் 45 பாகை அளவுக்குத் திசை மாறிப்போகும். திசைகாட்டியில் 294 பாகையைப் பார்த்து நின்றால் சரியாக இருக்கும்.

அமீர் ஒருவர் வேண்டும்

மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பாலை நிலத்தில் பயணம் செய்து வாழ்ந்த மக்களிடம் சொல்லப்பட்ட இந்த வழிகாட்டலின் பயன் தேரியில் நேரடியாகப் புரியும்.

வெப்பம் ஏற ஏற முதலில் பாதிக்கப்படுவது யோசிக்கும் திறன். இன்னும் ஒரு மேடு, அங்கே ஒரு போட்டோ, பிறகு திரும்பலாம் என்று ஆறு பேரும் சேர்ந்து தவறாக முடிவெடுப்பார்கள். குழுவில் மிகவும் களைத்துப்போனவர் அதைச் சொல்ல மாட்டார். கேலி செய்வார்களே என்ற வெட்கம். இளைஞர் குழுக்களில் உண்மையான ஆபத்து இதுதான்.

அதனால் திரும்பும் நேரத்தையும் தண்ணீர் அளவையும் வீட்டிலேயே முடிவு செய்து, அதை நிறைவேற்றும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் திரும்புவோம் என்றால் விவாதம் கிடையாது. வேகமாக நடப்பவரை அமீராக்குவதை விட, நிதானமானவரை ஆக்குவது நல்லது. இமாமாக நிற்பவர் பின்னால் நிற்கும் பலவீனர், முதியவர்களை மனத்தில் வைத்துத் தொழுகையை இலேசாக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நடையிலும் அதே அளவுகோல்தான். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், அமீர் கடைசியில் வரட்டும். அப்போது யாரும் பின்தங்கிக் காணாமல் போக மாட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை நின்று ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: தலை வலிக்கிறதா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்? பல மணி நேரமாக இல்லை என்றாலோ, அடர்ந்த மஞ்சளாக இருந்தாலோ தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் வரக் கூடாது. இதை அமீரிடம் மறைக்கவும் கூடாது. சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் காலையில் விளிம்பில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புவதே போதுமானது.

ஒருவர் விழுந்துவிட்டால்

களைப்பு, அதிக வியர்வை, தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் இவை முதல் எச்சரிக்கை. நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். அன்றைக்கு அவருக்கு நடை முடிந்தது.

சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நடை தள்ளாடுகிறது, நினைவு தப்புகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்ப வாதம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். இன்னும் வியர்க்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை காத்திருக்காமல் உடம்பைக் குளிரவையுங்கள். துணியைத் தளர்த்தி, கையிலுள்ள தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றி, துண்டால் விசிற வேண்டும். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

வறண்ட மணல் வெளியில் சுருட்டை விரியன் போன்ற பாம்புகள் இருக்கலாம். கணுக்காலை மூடும் ஷூ போட்டால் உடை முள்ளிலிருந்தும் காப்பாற்றிக்கொள்ளலாம். கடித்துவிட்டால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அனுமதி முக்கியம்

குதிரைமொழித் தேரியில் பெரும்பகுதி காப்புக்காடு. சாலையில் நின்று பார்ப்பது வேறு, உள்ளே நாள் முழுக்க நடப்பது வேறு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே போக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் சென்ற 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 நடைபாதைகளை அறிவித்து, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நம் திருநெல்வேலி மாவட்டத்தின் காரையாறு – மூலக்கசம் பாதை அதில் ஒன்று. முதன்முறையாக நடைப்பயணம் போகிறவர்கள் அங்கே தொடங்குவதும் நல்லதே.

தேரிக்குள் தீ மூட்டக் கூடாது. பனங்காட்டில் காய்ந்த ஓலை நிறையக் கிடக்கும். அங்குள்ள மக்களின் கோயில்களும், பனைத் தொழிலாளர்களின் குடிசைகளும் வழியில் வரும். ஸலாமத்தாகப் போய்வர விரும்பும் நாம் அவர்களுக்குத் தொந்தரவு தராமல் நடந்துகொள்ள வேண்டும். கொண்டுபோன பாட்டில்களைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வளைகுடாவிலும் ஹஜ்ஜிலும்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அமீரகத்திலும் ஓமானிலும் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் நண்பர்களோடு ராஸ் அல் கைமா மலைகளுக்கும் அங்குள்ள வாதிகளுக்கும் நடக்கப் போகிறார்கள். அது மணல் இல்லாத கற்பாறைப் பாதை. கால் புதையாது, ஆனால் பகல் முழுவதும் சூடேறிய பாறை மாலையிலும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும். கணுக்கால் பிசகினால் தூக்கிவருவது கடினம். எங்கோ மேலே பெய்த மழை, வானம் தெளிவாக இருக்கும் இடத்தில் திடீர் வெள்ளமாக வாதிக்குள் பாயும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அமீரகச் சட்டமே சொல்கிறது. சம்பளத்துக்கே கூடாது என்று தடுத்த நேரத்தில் பொழுதுபோக்குக்காக நடக்க வேண்டியதில்லை.

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் நீண்ட தூரம் வெயிலில் நடந்தவர்கள். ஹஜ்ஜுக்குத் தயாராகும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கையும் எச்சரிக்கை அறிகுறிகளையும் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். போகாதே என்று தடுத்தால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். யார் அமீர், எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள், அனுமதி வாங்கியாயிற்றா என்று நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் துஆ செய்து அனுப்பிவையுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அடுத்த வாரம் போகச் சொல்லுங்கள். தேரி அங்கேயேதான் இருக்கும்.